நாயும் தரையும் எங்கே போயின?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குழந்தைப் பருவம் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் அமெரிக்கப் பெண் ஓவியர் மேரி கசாட் வரைந்த ‘நீல நாற்காலியில் சிறுமி’ ஓவியத்தைப் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. 1878-இல் பாரிஸில் வரைந்த ஒரு படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பாதிப் படத்துக்கு மேல் காணோம்.

உங்கள் பக்கத்தில் இருப்பது நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெண்குழந்தை, அவ்வளவுதான். இடது பக்கம் மொத்தமும் போய்விட்டது, மேல் பக்கமும் போய்விட்டது. எதிர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் இல்லை. பின்னால் வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்த சன்னல்கள் இல்லை. நடுவில் காலியாகக் கிடந்த தரை இல்லை. அந்தத் தரைதான் படத்தின் உயிர் என்பேன். கீழே படக்குறிப்பு வேறு: ‘கள்ளமில்லாச் சிரிப்பு’ என்று. ஐயா, அந்தக் குழந்தை சிரிக்கவே இல்லை. வாய் மூடியிருக்கிறது. முகத்தில் அலுப்பு அப்பட்டமாகத் தெரிகிறது.

நான் ஓவியம் படித்தவன் இல்லை, ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன். என்னிடம் வந்ததில் பாதிக்கு மேல் குழந்தைகள். பிலிம் காலத்தில் என்லார்ஜர் அடியிலும் அப்புறம் கம்ப்யூட்டர் திரையிலும் படங்களின் ஓரத்தை வெட்டி வெட்டியே காலம் போனது. எங்கே வெட்டினால் படம் நிமிரும், எங்கே வெட்டினால் செத்துப்போகும் என்பதாவது எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷிங்டனில் இருக்கும் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் இதை நேரில் பார்க்க வாய்த்தது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, யாரும் போகலாம். பால் மெலன் தம்பதியின் சேகரிப்பிலிருந்து 1983-இல் அருங்காட்சியகத்துக்கு வந்த படம். உயரம் 89.5 சென்டிமீட்டர், அகலம் 129.8. கணக்குப் போட்டால் அகலம் உயரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எங்கள் 35 எம்.எம். நெகட்டிவைப் படுக்கப் போட்டால் வருகிற விகிதத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. ஒற்றைக் குழந்தையைப் படமெடுக்க வந்தால் நாங்கள் யாரும் கேமராவைப் படுக்கைவாட்டில் வைக்க மாட்டோம். நிமிர்த்தி வைப்போம், குழந்தையை நடுவில் நிறுத்துவோம், சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுவோம். கசாட் செய்தது இதற்கு நேர் எதிர். குழந்தையையும் நாற்காலியையும் வலது பக்கக் கீழ்மூலைக்குத் தள்ளிவிட்டார். மீதி இடத்தை மேஜை நாற்காலிக்கும் தரைக்கும் கொடுத்துவிட்டார். அதுவும் மேஜை கிடையாது, வெறும் நாற்காலிகளும் ஒரு சோபாவும். ஆக நான்கு இருக்கைகள், எல்லாவற்றுக்கும் ஒரே நீலத் துணி.

அந்த நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அச்சில் அது ஏதோ பள்ளிச் சீருடை நீலம் மாதிரி வந்திருக்கிறது. நேரில் அது பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் மினுங்குகிற நீலம். துணி முழுக்கப் பூ போட்டதுபோலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் பூவே கிடையாது. வெள்ளையில் ஓர் இழுப்பு, சிவப்பில் ஒரு தொடல், பச்சையில் ஒரு கீறல், அவசர அவசரமாக. எங்கே காம்பு, எங்கே இதழ் என்று தேடினால் கிடைக்காது. நாலடி பின்னால் வந்தால் மறுபடி பூப்போட்ட மெத்தை ஆகிவிடுகிறது. இப்படி அவசரத் தூரிகை வீச்சில் வெளிச்சத்தைப் பிடித்த இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். முன்னே போவதும் பின்னே வருவதுமாக அந்த நாற்காலிக் கைப்பிடி முன்னால் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், விஷயம் புரிந்துவிடும். நான் போய்ப் போய் வருவதைக் காவலர் சந்தேகமாகப் பார்த்தார், அது வேறு கதை.

குழந்தைக்கு வெள்ளைக் கவுன். இடுப்பில் கட்டம் போட்ட அகலமான துணிப்பட்டை, தலையில் அதே கட்டத்தில் ரிப்பன், காலுறையும் அதே கட்டம். யாரோ மெனக்கெட்டு எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து உடுத்திவிட்டிருக்கிறார்கள். விருந்தாளிகள் முன்னால் நிறுத்துவதற்கு இருக்கலாம், இந்தப் படத்துக்காகவே இருக்கலாம். உடுத்திவிட்டவர்களின் கணக்கு ஒன்று, குழந்தையின் கணக்கு இன்னொன்று. அவள் நாற்காலியில் சரிந்துவிட்டாள். ஒரு கை தலைக்குப் பின்னால், இன்னொரு கை நாற்காலிக் கைப்பிடியில். கவுன் மேலேறி உள்பாவாடை தெரிகிறது. கால்களை அகட்டிப் போட்டிருக்கிறாள். பாதம் தரையைத் தொடவில்லை, தொடாது. பெரியவர்கள் உட்காரச் செய்த நாற்காலி அது. அந்த வீட்டு வரவேற்பறையில் அவள் அளவுக்கு ஒரு சாமான்கூட இல்லை.

இதை நீங்கள் வெட்டிய படத்தில் பார்க்கவே முடியாது. ஒரே ஒரு நாற்காலியில் ஒரு குழந்தை என்றால், சரி, குட்டி நாற்காலியாக இருக்கும் என்று கண் சமாதானமாகிவிடும். மற்ற மூன்றும் பக்கத்தில் இருக்கும்போதுதான் அறை எவ்வளவு பெரிது, அவள் எவ்வளவு சின்னவள் என்று தெரிகிறது. நாற்காலிகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டியும் கோணலாகவும் கிடக்கின்றன. யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்களோ, இன்னும் வரவில்லையோ. இடையில் சாம்பலும் பழுப்புமாகத் தரை, வடிவமில்லாத ஒரு குளம்போலத் தேங்கி நிற்கிறது. பொம்மை இல்லை, புத்தகம் இல்லை, தரைவிரிப்பில் வேலைப்பாடுகூட இல்லை. ‘செய்வதற்கு எதுவும் இல்லை’ என்பதை எப்படி வரைவது? அவர் இப்படித்தான் வரைந்தார். அதைத்தான் உங்கள் லே-அவுட் ஆள் வீண் இடம் என்று நினைத்து எடுத்துவிட்டார்.

நாய் அவளுக்கு எதிரே இடது பக்க நாற்காலியில் கிடக்கிறது. கருப்பும் பழுப்புமாகச் சின்ன நாய், பிரஸ்ஸல்ஸ் கிரிஃபான் என்ற சாதி. கசாட்டுக்குப் பிடித்த சாதியும் அதுதான், பிற்காலத்திலும் அந்த வகை நாய்களையே வளர்த்தார். நாய்க்கு அந்த நாற்காலி பொருந்திவிட்டது, நிம்மதியாகத் தூங்குகிறது. குழந்தைக்குத் தூக்கமும் இல்லை, விளையாட்டும் இல்லை. இருவரும் எதிரும் புதிருமாக ஒரே வேலையைச் செய்கிறார்கள், அதாவது சும்மா கிடக்கிறார்கள். ஒருவருக்கு அது சுகம், இன்னொருவருக்கு அது தண்டனை. படத்தில் இருக்கும் நகைச்சுவை இதுதான். நாயை எடுத்துவிட்டால் நகைச்சுவையும் போச்சு. மிச்சமிருப்பது கவுன் விலகிய ஒரு குழந்தை மட்டும். அதைத் தனியாகப் பார்க்கிறவர்களுக்கு ‘என்ன இப்படி உட்கார்ந்திருக்கிறது’ என்றுதான் தோன்றும். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் கேட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தின் ஓரங்களை ஓவியரே ஏற்கெனவே வெட்டிவிட்டார். இடது பக்க நாற்காலி முழுசாக இல்லை. பின்னால் சோபா பாதியில் நிற்கிறது. சன்னல்களின் மேல்பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்கள் அப்போது பாரிஸ் ஓவியர்களை ஆட்டிவைத்த காலம். அவற்றில் உருவங்கள் ஓரத்தில் சட்டென்று அறுபடும், தரை மேலேறி நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்று அங்குலம் அங்குலமாக யோசித்து அவர் வெட்டிய படத்தை நீங்கள் இரண்டு பத்தி அகலத்துக்காக மறுபடி வெட்டியிருக்கிறீர்கள்.

இந்த அறைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அதைக் காணோம். கசாட் 1903-இல் ஓவிய வியாபாரி அம்ப்ருவாஸ் வொல்லாருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறார். குழந்தை, பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகாவின் நண்பர் வீட்டுப் பிள்ளை. குழந்தையையும் நாற்காலியையும் கசாட் வரைந்து முடித்த நிலையில் டெகா வந்து பார்த்திருக்கிறார், நன்றாக இருக்கிறது என்றிருக்கிறார். பின்னணிக்கு யோசனை சொன்னதோடு நிற்காமல் தூரிகையை எடுத்துத் தானே கொஞ்சம் வரைந்தும் கொடுத்திருக்கிறார். மற்றவர் கித்தானில் கை வைப்பது சாதாரண விஷயமா? டெகா வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர், லேசில் யாரையும் பாராட்டாதவர். அப்படிப்பட்டவர் கை வைத்தார், இவரும் வைக்கவிட்டார். அந்த இருவருக்கும் இடையில் இருந்த மரியாதையை இதைவிட எப்படிச் சொல்வது?

டெகா எங்கே கை வைத்தார் என்று நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2014-இல் நேஷனல் கேலரி டெகா, கசாட் இருவரையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது. அதையொட்டி இந்தப் படத்தைச் சுத்தம் செய்து, அகச்சிவப்புக் கதிரில் அடியில் இருப்பதைப் பார்த்தார்கள். கசாட் முதலில் பின்னணியைக் கிடைக்கோடாக, நேர்ச்சுவராக முடித்திருந்தார் என்று தெரிந்தது. அதன் மேல்தான் சாய்கோடு வந்திருக்கிறது. அந்தச் சாய்கோட்டால் அறைக்கு ஒரு மூலை கிடைத்தது, தரை உள்ளே ஓடியது. அந்த இடத்துத் தூரிகை வீச்சும் கசாட்டின் கையிலிருந்து வேறுபடுகிறது என்றார்கள். நேர்ச்சுவரை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பின்னால் ஒரு திரை தொங்கவிட்ட மாதிரி இருந்திருக்கும், எங்கள் ஸ்டூடியோ பேக்ரவுண்ட் மாதிரியே. மூலை வந்ததும் அது ஒரு வீடாகிவிட்டது.

நீங்கள் வெட்டி எறிந்ததில் அந்த மூலையும் இருந்தது, ஐயா. டெகாவின் கைபட்ட இடம்.

படம் முடிந்ததும் கசாட் அதை 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவுக்கு அனுப்பினார். அவர் பென்சில்வேனியாவில் பிறந்த அமெரிக்கர், ஆகவே அந்தப் பிரிவு. நிராகரித்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து வொல்லாருக்கு எழுதும்போதும் அந்தக் கோபம் அடங்கியிருக்கவில்லை. டெகா வேலை செய்த படத்தையே திருப்பி அனுப்பினார்களே என்பது அவர் ஆத்திரம். நடுவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர் என்று குத்திக்காட்டுகிறார்! படித்தபோது சிரித்துவிட்டேன். அந்த மருந்துக்கடைக்காரரைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. குழந்தை உருவப்படம் என்றால் என்ன எதிர்பார்த்திருப்பார்? நேராக உட்கார்ந்த குழந்தை, மடியில் கை, கையில் ஒரு பூ. இங்கே என்னடா என்றால் பாதிப் படம் காலித் தரை, குழந்தை கால் அகட்டிக் கிடக்கிறது. அவர் மொத்தமாக மாட்டேன் என்றார். நீங்கள் பிடித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். எனக்கென்னவோ அவரே தேவலாம் என்று படுகிறது. அவர் படத்தை வெட்டாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். குழந்தை என்றால் சிரிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் தொழிலிலிருந்துதான், அதுவும் ரொம்பப் பிற்பாடு. இந்தப் படம் வரைந்த காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போன குழந்தைகள் பெரும்பாலும் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பிடித்து வைப்பது கஷ்டம். ஒரு படத்துக்குச் சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கே கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்துத் தலையைப் பிடித்து நிறுத்துவார்கள். கைக்குழந்தை என்றால் தாய்மேல் துணியைப் போர்த்தி, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்கள். பழைய படங்களில் குழந்தைக்குப் பின்னால் நாற்காலி மாதிரி ஒரு துணிமூட்டை தெரியும், உற்றுப் பார்த்தால் உள்ளே ஓர் ஆள். 1878-இல்தான் சார்லஸ் பென்னெட் என்பவர் போட்டோ தகட்டின் ஜெலட்டின் பூச்சைச் சூட்டில் பதப்படுத்தி, அது வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகத்தைக் கூட்டும் வழியைச் சொன்னார். அதே ஆண்டில்தான் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்ற போட்டோகிராபர் ஓடும் குதிரையின் கால்களை வரிசையாகப் படம் பிடித்தார். அதற்கப்புறம்தான் ஒரு நொடிக்குள் ஓர் அசைவைப் பிடிப்பது பரவலாயிற்று. சிரிப்பெல்லாம் அதற்கும் பின்னால்.

ஆக, போட்டோகிராபர்கள் குழந்தையைத் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்த அதே ஊரில், அதே காலத்தில், ஒரு பெண் தூரிகையை வைத்துக்கொண்டு தன்னை மறந்து சரிந்த குழந்தையைப் பிடித்துவிட்டார். எண்ணெய் வண்ணத்தில் ஒரு படம் வரைய எத்தனை நேரம்! அந்தப் பிள்ளை அத்தனை நேரமும் அப்படியே கிடந்திருக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எழுந்து ஓடியிருக்கும், நாயை எழுப்பியிருக்கும், திரும்ப வந்து வேறு மாதிரி சரிந்திருக்கும். ஆனால் படத்தைப் பார்த்தால் ‘இப்போதுதான் பொத்தென்று விழுந்தாள்’ என்று தோன்றுகிறது. அந்த ‘இப்போதுதான்’ என்பதை நாங்கள் பொத்தானை அமுக்கிப் பிடித்தோம், அவர் பல நாள் உழைப்பில் பிடித்தார். பொறாமையாகத்தான் இருக்கிறது.

இதில் எங்கள் ஆட்கள் பெருமைப்பட ஒரு விஷயமும் உண்டு. இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி 1874-இல் நடந்தது ஒரு போட்டோகிராபரின் பழைய ஸ்டூடியோவில். நதார் என்று பெயர் பெற்றவர், பாரிஸின் பூல்வார் தே கப்பூசின் வீதியில் 35-ஆம் எண் கட்டடம். கசாட் அந்த முதல் கண்காட்சியில் இல்லை. 1877-இல் டெகா வந்து அழைத்த பிறகு, 1879-இல் நடந்த நான்காவது கண்காட்சியில்தான் அவர்களோடு சேர்ந்தார்.

அதே நேஷனல் கேலரியில் ரெனுவார் என்ற இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் வரைந்த ‘பூவாளியோடு சிறுமி’ இருக்கிறது, 1876-இல் வரைந்தது. அதற்கு முன்னால் எப்போதும் ஆள் நிற்கிறார்கள். தோட்டம், நீல உடை, சரிகை வேலை, தலையில் சிவப்பு ரிப்பன், ஒரு கையில் பூவாளி, இன்னொரு கையில் பூ. கன்னம் அத்தனை அழகு. சொல்லப்போனால் என் ஸ்டூடியோ வாடிக்கையாளர் யாரிடம் இரண்டையும் காட்டியிருந்தாலும் ரெனுவாரைத்தான் கேட்டிருப்பார்கள், நானும் அதைத்தான் பிரேம் போட்டுக் கொடுத்திருப்பேன். குறை சொல்லவில்லை. அந்தக் குழந்தை படத்துக்காக நிற்கிறது, நம்மைப் பார்க்கிறது, நாமும் பார்க்கிறோம், திருப்தி. கசாட்டின் குழந்தை நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. கண் கீழே எங்கேயோ இருக்கிறது. நாம் அறைக்குள் வந்ததே அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அக்கறை இல்லை. உங்களுக்குச் சிரிக்கும் பிள்ளைதான் வேண்டுமென்றால் வேறு எத்தனையோ படங்கள் கிடைத்திருக்கும். இவளை ஏன் இழுத்து வந்தீர்கள்?

கட்டுரையில் இன்னொரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. ‘திருமணமாகாத, தாய்மையை அறியாத கசாட் தன் ஏக்கத்தையெல்லாம் குழந்தைகளை வரைந்து தீர்த்துக்கொண்டார்’ என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். இதற்கு என்ன ஆதாரம்? டெகாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் நடனப் பெண்களை வரைந்து வரைந்து எந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று யாராவது கேட்கிறார்களா? கசாட்டின் வாழ்க்கையில் எழுத எத்தனையோ இருக்கிறது. பாரிஸின் அரசுக் கலைக்கல்லூரியான எக்கோல் தே போசார் 1897 வரைக்கும் பெண்களைச் சேர்க்கவில்லை. இவர் ஜெரோம் என்ற ஓவியரிடம் தனியாகப் படித்தார், லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து கைபழகினார். 1877-இல் பெற்றோரும் அக்கா லிடியாவும் பாரிஸுக்கே வந்து இவரோடு தங்கிவிட்டார்கள். ஸ்டூடியோ செலவை உன் படத்தை விற்றுத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நெருக்கடியில் வரைந்தவர் அவர். ஏக்கத்தில் வரைந்தவர் குழந்தையை இப்படி அலுத்துப்போனவளாக வரைவாரா? கொஞ்சுகிற கண்ணில் இந்தப் படம் வராது. கொஞ்சாமல் பார்க்கிறவருக்குத்தான், உடுத்திவிட்ட பிள்ளைக்கு எவ்வளவு புழுக்கம் என்பது தெரியும்.

இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வருகிறது, விஷயத்துக்குக் கொஞ்சம் வெளியேதான். டெகா ஒருமுறை கசாட்டையே வரைந்தார். முன்னால் குனிந்து உட்கார்ந்து, கையில் சில அட்டைகளைப் பிடித்தபடி. அந்தப் படமும் வாஷிங்டனிலேயே, நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது. கசாட்டுக்கு அது அறவே பிடிக்கவில்லை. வயதான பிறகு விற்றுவிட முயன்றபோது, அது தன் உருவம் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். குழந்தைகளை உள்ளது உள்ளபடி வரைந்தவருக்கே தன்னை உள்ளது உள்ளபடி பார்ப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நீல நாற்காலிக் குழந்தைக்குப் படம் பிடித்ததா என்று யாரும் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை. கசாட்டின் கடிதத்தில் அவள் பெயர்கூட இல்லை, நண்பரின் குழந்தை என்றுதான் இருக்கிறது.

உங்கள் கஷ்டமும் எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு பத்தி இடம், நெட்டுவாக்கில் ஒரு பெட்டி, பக்கத்தில் விளம்பரம், ராத்திரி பக்கம் முடிக்கிற அவசரம். படம் படுக்கைவாட்டில் வந்தால் வெட்டத்தான் கை போகும். எங்களிடமும் வீட்டில் இருக்கிற பிரேம் அளவைச் சொல்லி ‘இதற்குள் அடக்குங்கள்’ என்று வருவார்கள். வெட்டாமல் சின்னதாக்கி, மேலும் கீழும் வெள்ளை விட்டுக் கொடுப்பேன். முகம் சின்னதாகிவிட்டதே என்று சண்டைக்கு வருவார்கள். சின்னதானாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டவர்களும் உண்டு. நீங்களும் அதையே செய்திருக்கலாம். இரண்டு பத்தி அகலத்துக்கு முழுப் படத்தையும் சின்னதாகப் போட்டு, கீழே நாலு வரி எழுதியிருந்தால், ஆர்வமுள்ளவர்கள் இணையத்தில் தேடிப் பெரிதாகப் பார்த்துக்கொள்வார்கள். படம் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நேஷனல் கேலரி காப்புரிமை முடிந்த தன் ஓவியங்களின் படங்களை 2012 முதல் இலவசமாகவே தருகிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், பத்திரிகையில் அச்சிடலாம், பைசா கொடுக்க வேண்டாம். நல்ல துல்லியத்தில் கிடைக்கிறது. நீலத்தையும் கொஞ்சம் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பச்சை கொஞ்சம் ஏற வேண்டும்.

வெட்டியே ஆக வேண்டிய நாளில் இன்னொன்று செய்யலாம். ‘ஓவியத்தின் ஒரு பகுதி’ என்று கீழே போட்டுவிடுங்கள். நல்ல கலைப் புத்தகங்களில் அப்படித்தான் போடுகிறார்கள். மீதி எங்கோ இருக்கிறது என்றாவது வாசகருக்குத் தெரியும். நீங்கள் அதையும் போடவில்லை. உங்கள் பக்கத்தைப் பார்த்த பிள்ளைகள் படம் இவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருநாள் வாஷிங்டன் போய் முழுப் படத்தின் முன்னால் நின்றால் அதிர்ச்சியில் விழுந்துவிடப் போகிறார்கள், பாவம்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற ஞாயிறு இணைப்பில், முழுப் பக்க அகலத்துக்கு முடியாவிட்டாலும் பாதிப் பக்கத்துக்காவது, அந்தப் படத்தை நான்கு ஓரமும் தெரிய மறுபடி போடுங்கள். படக்குறிப்பில் சிரிப்பை எடுத்துவிடுங்கள். மேரி கசாட், 1878, கித்தானில் எண்ணெய் வண்ணம், வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் என்று போட்டால் போதும். பின்னணியில் டெகாவும் வேலை செய்தார் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் பற்றாது என்றால் இதைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பென்னெட், மைப்ரிட்ஜ் கதையை எடுத்துவிடலாம், ரெனுவார் பத்தியும் போகலாம். நாயைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டூடியோ போட்டோகிராபர்